ஃபோலியா, பிரெட் ஹார்ட்டா, ஃபிளேரா: எந்த ரெஸ்லரின் சுயசரிதையை முதலில் எடுப்பது?

தொண்ணூறுகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியின் கார்டு வைத்து விளையாடியவர்களுக்கு "யார் பெரிய ஆள்?" என்ற கேள்விக்கு விடை சுலபம். கார்டிலேயே ரேங்க் போட்டிருக்கும். உயரம், எடை, மார்பளவு எல்லாம் போட்டிருக்கும். நம் எண் ஜெயித்தால் எதிராளியின் கார்டு நம் கைக்கு வரும், வழக்கு முடிந்தது. அந்த எண்களை அச்சடித்தவர் எங்கிருந்து எடுத்தார் என்று யாரும் கேட்டதில்லை. அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்பதையும் அப்படித்தான் நம்பினோம்.

வயது ஏறியும் அந்த வாதம் தீரவில்லை. பிரெட் ஹார்ட் பெரியவரா, ரிக் ஃபிளேர் பெரியவரா? மிக் ஃபோலியை ரெஸ்லர் என்று ஒத்துக்கொள்ளலாமா, உயரத்திலிருந்து விழத் துணிந்த ஆள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாமா? ரசிகர்கள் போடும் இந்தச் சண்டையை அந்த மூன்று பேரும் புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 1999-இல் வந்த தன் சுயசரிதையில் ஃபோலி முதல் குத்து வைத்தார்: ஃபிளேர் ரிங்குக்குள் எவ்வளவு பெரிய ஆளோ, யாரோடு யார் மோதுவது, யார் ஜெயிப்பது என்று தீர்மானிக்கும் நாற்காலியில் அவ்வளவு மோசம். 2004-இல் ஃபிளேர் தன் புத்தகத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்: ஃபோலி எத்தனை குண்டூசிக் குவியல் மேல் விழுந்தாலும் வெறும் ஸ்டண்ட்காரர்தான். பிரெட் ஹார்ட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. கனடாவுக்கு வெளியே அவருக்கு என்ன மதிப்பு என்கிற தொனியில் எழுதினார். 2007-இல் பிரெட்டின் முறை: ஃபிளேர் எந்த ஊருக்குப் போனாலும், எதிரே யார் நின்றாலும், அதே ஆட்டத்தையே ஆடுகிறவர் என்று எழுதினார். இந்தத் தொழிலில் எந்தக் கோபமும் வீணாவதில்லை. ஃபோலி–ஃபிளேர் புத்தகச் சண்டையை, 2006-இல் சம்மர்ஸ்லாம் என்ற பெரிய நிகழ்ச்சியில், "விட்டுவிடுகிறேன்" என்று முதலில் சொல்கிறவர் தோற்கும் "ஐ க்விட்" மேட்சாக மாற்றி டிக்கெட் விற்றுவிட்டார்கள்.

எனவே இந்த மூன்றில் எதை முதலில் எடுக்கிறீர்களோ, அந்த ஆளின் கண் வழியாகத்தான் மற்ற இருவரையும் பார்க்கப்போகிறீர்கள். எல்லாமே ஆங்கிலம், எல்லாமே தடிப் புத்தகம். வேலை, குடும்பம் என்று இருப்பவர் வருடத்துக்கு ஒன்று படித்தால் பெரிய விஷயம். அதனால் வரிசை முக்கியம்.

வரிசைப்படுத்த எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: இந்த ஆள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சினிமா நடிகரின் சுயசரிதையிடம் இந்தக் கேள்வியை இவ்வளவு கறாராகக் கேட்க மாட்டோம். இவர்களிடம் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் பொய்யைக் காப்பதுதான் இவர்கள் தொழிலின் முதல் விதி. அதற்கு "கேஃபேப்" என்று பெயர். ரிங்கில் நடப்பதெல்லாம் நிஜம், நல்லவனும் கெட்டவனும் வெளியிலும் பகையாளிகள் என்று உலகத்தை நம்பவைப்பது. அது எவ்வளவு தீவிரமாக இருந்தது என்பதற்கு ஃபிளேரின் வாழ்க்கையிலேயே ஒரு சம்பவம் உண்டு. 1975 அக்டோபர் 4 அன்று வட கரோலினாவில் வில்மிங்டன் அருகே ரெஸ்லர்களை ஏற்றி வந்த சின்ன விமானம் விழுந்தது. இருபத்தாறு வயது ஃபிளேருக்கு முதுகெலும்பு மூன்று இடத்தில் உடைந்தது. ஜானி வாலண்டைனின் ரெஸ்லிங் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. விமானியும் பிறகு இறந்துபோனார். அதே விமானத்தில் டிம் உட்ஸும் இருந்தார். அவர் ரசிகர்கள் கொண்டாடிய நல்லவர். கூட வந்தவர்களில் வாலண்டைனும் ஃபிளேரும் கெட்டவர்கள். எதிரிகள் ஒரே விமானத்தில் வந்தார்கள் என்று தெரிந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரியில் உட்ஸ் தன் மேடைப்பெயரை மறைத்து நிஜப்பெயரைக் கொடுத்தார், தான் ரெஸ்லரே இல்லை, போட்டி நடத்துகிறவர் என்றார். பேச்சு அடங்காததால், அடிபட்ட உடம்போடு இரண்டு வாரத்தில் ரிங்குக்குத் திரும்பினார். விபத்தில் சிக்கியவன் இவ்வளவு சீக்கிரம் சண்டை போடுவானா என்று ஜனங்கள் நினைக்கட்டும் என்பதற்காக.

1989-இல் வின்ஸ் மக்மானின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனியே நியூ ஜெர்சி சட்டமன்றத்தாரிடம் "இது வெறும் கேளிக்கை" என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் பிடியிலிருந்து கழன்றுகொள்வதற்காக வந்த ஒப்புதல் அது; அதற்காக இந்த ஆட்களின் பழக்கம் ஒரே நாளில் மாறிவிடுமா? அப்படி வளர்ந்தவர்கள் பேனாவை எடுத்தால் எதை நம்புவது?

ஃபிளேரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் கடைசி இடம். "டு பி தி மேன்" வேறொருவரின் துணையோடு எழுதப்பட்ட புத்தகம். ஆரம்பம் அபாரம். குழந்தைகளை விலைக்கு விற்றதாக அம்பலப்பட்ட டென்னசி காப்பகம் ஒன்றின் வழியாக இவர் தத்துப்போன கதை அதில் வருகிறது. விமான விபத்துப் பகுதியும் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு பார்ட்டி, லிமோசின், கைக்கடிகாரம், "நான்தான்" என்று ஓடும். பதினாறு முறை உலக சாம்பியன் என்று கம்பெனியே கணக்குக் காட்டும் ஆள், அந்த ஒரு மணி நேர மேட்சுகளை எப்படிக் கட்டினார், எதிராளியை எப்படிப் பெரியவனாகக் காட்டினார் என்பதைத்தான் நாம் தேடிப் போகிறோம். 1989-இல் ரிக்கி ஸ்டீம்போட் என்ற ரெஸ்லரோடு சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், நாஷ்வில் என்று மூன்று ஊர்களில் ஆடிய ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பசி இன்னும் அதிகம். அந்த இலையில் சோறு கொஞ்சம்தான். யாரைப் பிடிக்காது என்பதில் மட்டும் புத்தகம் துல்லியம். ரிங்கில் ஃபிளேர் மற்ற இருவரையும்விடப் பெரியவர் என்றே நான் சொல்வேன்; புத்தகத்தில் மற்ற இருவரும் அவரை வென்றுவிட்டார்கள்.

இனி ஃபோலி. "ஹேவ் எ நைஸ் டே" வந்தபோது கம்பெனி முதலில் ஒரு எழுத்தாளரைத்தான் ஏற்பாடு செய்திருந்தது. அந்த எழுத்து ஃபோலிக்குப் பிடிக்கவில்லை. நானே எழுதுகிறேன் என்று நோட்டுத்தாளை எடுத்தார். விமானத்திலும் ஓட்டல் அறையிலும் கையால் எழுதினார், எழுநூற்றுச் சொச்சம் பக்கம். நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் அது முதலிடத்துக்குப் போனது. இன்று ஆளுக்கொரு சுயசரிதை எழுதுகிறார்கள் என்றால் அதற்கு வழி திறந்தது இந்தப் புத்தகம்தான்.

சிரிக்க வைத்துக்கொண்டே பயமுறுத்துவது இவருக்குக் கைவந்த கலை. 1994-இல் மியூனிக்கில் வேடர் என்ற ரெஸ்லருடன் மோதும்போது, ரிங்கின் கயிறு இரண்டுக்கும் நடுவே கழுத்தை மாட்டித் தொங்குகிற தன் வழக்கமான வித்தையைச் செய்கிறார். அன்றைக்குக் கயிற்றை வழக்கத்தைவிட முறுக்கிக் கட்டியிருந்தார்கள். தலையை உருவியபோது வலது காது கிழிந்தது. பெரும்பகுதி அங்கேயே விழுந்தது. நடுவர் குனிந்து அதை எடுத்துப் போனார். மேட்ச் நிற்கவில்லை. இதை எழுதும்போது ஃபோலி தன்னைத் தியாகியாகக் காட்டிக்கொள்வதில்லை. ஒரு காது போனதைவிட, அதை வைத்து ஒரு நல்ல கதை பண்ணக்கூட அப்போது அவர் இருந்த டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற போட்டிக் கம்பெனிக்குத் தெரியவில்லையே என்கிற வருத்தம்தான் அவருக்கு அதிகம். அந்த மனநிலை புரிந்தால் இந்தத் தொழிலே பாதி புரிந்த மாதிரி.

நம்பகத்துக்கு வருவோம். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க், கூரை போட்ட கூண்டுக்குள் நடக்கும் "ஹெல் இன் எ செல்" மேட்ச். பதினாறு அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் இவரைத் தூக்கி எறிகிறார், வர்ணனையாளர் மேசை நொறுங்குகிறது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது இறங்கி வந்து மறுபடி கூண்டின் மேல் ஏறுகிறார். இந்த முறை கூரையே பிய்த்துக்கொண்டு ரிங்குக்குள் விழுகிறார், பின்னாலேயே நாற்காலி வந்து முகத்தில் இறங்குகிறது. உடைந்த பல் மூக்குக்குள் போய் மாட்டிக்கொண்டது. உலகத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் இந்த மேட்ச் ஃபோலிக்குப் பெரும்பாலும் நினைவில் இல்லை. டேப்பைப் போட்டுப் பார்த்துத்தான் எழுதினேன் என்று புத்தகத்திலேயே சொல்லிவிடுகிறார். ஒரு சாட்சி, "இந்த இடத்தில் நான் மயக்கத்தில் இருந்தேன், வீடியோவைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொன்னால் அவருடைய மற்ற வாக்குமூலத்துக்கும் மதிப்பு கூடுகிறது. எனக்குக் கூடியது.

குறை இல்லாமல் இல்லை. 1999 ஜனவரி 4 அன்று ஒளிபரப்பான "ரா" என்ற வாராந்திர டிவி நிகழ்ச்சியில் முதல் முறை சாம்பியன் ஆன சூடு ஆறுவதற்குள், கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே, கம்பெனி வெளியீடாக எழுதிய புத்தகம் இது. பழைய முதலாளிகள் மேல் விழுகிற அடி அப்போதைய முதலாளி மேல் விழாது. இன்னொன்று, இளமைக் காலத்துச் சின்ன ஊர்ப் போட்டிகள் பற்றிய பகுதி கொஞ்சம் நீளம். ஆனால் ஜிம்மி ஸ்னூக்கா என்ற ரெஸ்லர் கூண்டின் மேலிருந்து பாய்வதைப் பார்க்க 1983-இல் கல்லூரிப் பையனாக லிஃப்ட் கேட்டுக் கேட்டு மாடிசன் ஸ்கொயர் கார்டனுக்குப் போன இடத்தைத் தாண்டிப் போக யாருக்கும் மனசு வராது. பதினைந்து வருடம் கழித்து அவர் ஏன் அந்தக் கூண்டில் ஏறினார் என்பதற்கு அங்கேயே விடை இருக்கிறது.

பிரெட் ஹார்ட்டின் "ஹிட்மேன்" வேறு ஜாதிப் புத்தகம். சிரிப்பு குறைவு, பக்கம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

காரணம் டேப். ஊர் ஊராகச் சுற்றிய காலம் முழுக்க பிரெட் ஒரு டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிந்துகொண்டே வந்தார்: அன்றைக்கு எந்த ஊர், யாரோடு மேட்ச், உடை மாற்றும் அறையில் யார் என்ன சொன்னார், வீட்டில் என்ன சண்டை. மற்றவர்கள் இருபது வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். இவரிடம் அன்றன்றைய குரல் இருந்தது. 1999 டிசம்பரில் எதிராளி கோல்ட்பெர்க் விட்ட உதையில் மூளை அதிர்ந்து ஆட்டமே முடிந்தது. 2002-இல் சைக்கிளில் போகும்போது பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. அப்படிப்பட்ட ஆள் பிறகு உட்கார்ந்து எழுதிய புத்தகத்தில் விவரம் இவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்றால் அந்த டேப்புகளைத்தான் கும்பிட வேண்டும்.

ஒரே ஒரு மேட்சைச் சொல்கிறேன். 1992 ஆகஸ்ட், லண்டன் வெம்ப்ளி, சம்மர்ஸ்லாம். எண்பதாயிரம் பேர் என்று அறிவித்த கூட்டம். பிரெட்டும் அவருடைய தங்கை கணவர் பிரிட்டிஷ் புல்டாக், அதாவது டேவி பாய் ஸ்மித்தும் இன்டர்கான்டினென்டல் சாம்பியன் பெல்ட்டுக்கு மோதுகிறார்கள். ரசிகர்கள் எல்லாக் காலத்துக்கும் சிறந்த மேட்சுகளில் ஒன்றாகச் சேர்ப்பது இது. பிரெட் சொல்லும் கதை: டேவி அதற்கு முந்தைய வாரங்களில் போதையில் கிடந்தார், மேட்ச் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, பேசி வைத்ததெல்லாம் மறந்துபோச்சு என்று பிரெட்டிடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு பிடிக்கும் அடுத்த பிடி என்ன என்று பிரெட் காதோடு சொல்லிச் சொல்லி நடத்தினார். ஜெயிக்கப்போவது டேவி, தோற்கப்போகிறவர் ஜெயிக்கிறவரைக் கைப்பிடித்து அழைத்துப்போகிறார். இதைப் படித்துவிட்டு மேட்சைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பூட்டுப்பிடியிலும் பிரெட்டின் வாய் எங்கே இருக்கிறது என்று கண் தானாகத் தேடும். ஃபிளேரா, பிரெட்டா என்ற வாதத்தில் பிரெட் கட்சிக்கு இதைவிடப் பெரிய ஆவணம் இல்லை.

ஆனால் டேவி 2002-இல் இறந்துவிட்டார், புத்தகம் எழுதவில்லை. எதிர்த்தரப்பு இல்லாத வழக்கு இது என்பதையும் ஓரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பிரெட்டிடம் உள்ள பெரிய சிக்கல் இதுதான்: அவர் கதையில் பிரெட் அநேகமாக எப்போதும் சரி. எந்த மேட்ச் நன்றாக வந்தாலும் அதற்கு அவர் காரணம், கெட்டால் எதிராளி. மனைவிக்குச் செய்த துரோகங்களை மறைக்காமல் எழுதுகிற அதே ஆள், தன் ஆட்டத்தில் ஒரு சொட்டை காட்ட மாட்டார்.

1997 நவம்பர் 9, மான்ட்ரியல். இந்தப் புத்தகத்தை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். கம்பெனி மாறப்போகிற சாம்பியன் பிரெட் சொந்த நாட்டில் தோற்க மாட்டேன் என்கிறார். முதலாளி மக்மான் வேறு முடிவு சொல்லி ஒத்துக்கொண்டது போல் நடித்து, எதிராளி ஷான் மைக்கேல்ஸ் ஷார்ப்ஷூட்டர் பிடி போட்ட கணத்தில், பிரெட் தோற்றதாக மணியடிக்கச் சொல்கிறார். பிரெட் மக்மான் முகத்தில் துப்பியது, காற்றில் விரலால் புதிய கம்பெனியின் எழுத்துகளை வரைந்தது, உள்ளே போய் ஒரே குத்தில் அவரைச் சாய்த்தது எல்லாம் இதில் உண்டு. அடுத்த ஒன்றரை வருடத்தில் தம்பி ஓவன், கன்சாஸ் சிட்டியில் கூரையிலிருந்து இறங்கும் சாகசத்துக்காக மாட்டியிருந்த கொக்கி விட்டுப்போய் விழுந்து இறந்தார். அந்த அத்தியாயங்களை ஒரே மூச்சில் படிக்க முடியாது. பிரெட்டும் ஷானும் ரிங்கில் கைகொடுத்தது 2010 ஜனவரியில். புத்தகம் அதற்கு முன்பே அச்சாகிவிட்டதால் சமரசத்தின் வாசனைகூட இதில் இல்லை. அது நல்லதற்குத்தான். சமாதானம் ஆன பிறகு எழுதியிருந்தால் இது வேறு புத்தகம்.

ஷான் தரப்பைக் கேட்க வேண்டுமென்றால் 2005-இல் வந்த அவருடைய "ஹார்ட்பிரேக் அண்ட் ட்ரையம்ப்" இருக்கிறது. அன்றைக்கு எனக்கு எதுவுமே தெரியாது என்று சாதித்தவர், தெரியும் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். அந்தப் பகுதிக்கு மேல் அதில் அதிகம் இல்லை, யாரிடமாவது இரவல் வாங்கினால் போதும். ஹார்ட் குடும்பத்துக்குள்ளிருந்தே இன்னொரு குரல் வேண்டுமென்றால் ஓவனின் மனைவி மார்த்தா எழுதிய "புரோக்கன் ஹார்ட்ஸ்". இந்தத் தொழிலை வெறுப்பவர் எழுதிய புத்தகம், பிரெட் ரசிகர்களுக்குக் கசக்கும்.

பிரெட்டை முடித்த கையோடு படிக்க வேண்டியது வேறு ஒன்று: டைனமைட் கிட் என்கிற டாம் பில்லிங்டனின் "ப்யூர் டைனமைட்". மெலிந்த புத்தகம். டேவி பாயின் உறவினர், பிரெட்டின் பழைய எதிராளி, 1981-இல் டோக்கியோவில் டைகர் மாஸ்க் என்ற முகமூடி ரெஸ்லரோடு ஆடிய ஆட்டத்தால் ஒரு தலைமுறையின் வேகத்தையே மாற்றியவர். எழுதும்போது சக்கர நாற்காலியில். சக ஆட்களுக்குச் செய்த கொடூரமான "விளையாட்டு"களை வருத்தமே இல்லாமல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். மன்னிப்பு, பாடம், ஆண்டவன் எதுவும் கிடையாது. பிரெட் சொன்ன அதே ஊர்கள், அதே வேன் பயணம், ஆனால் யாரையும் வசப்படுத்த நினைக்காத குரல். ஃபிளேருக்குச் செலவழிக்க இருந்த காசை இதில் போடுங்கள் என்பேன்.

இவ்வளவு ரத்தமும் சண்டையும் வேண்டாம், இந்தத் தொழிலுக்குள் ஒரு சாதாரணப் பையன் எப்படி நுழைகிறான் என்று தெரிந்தால் போதும் என்பவருக்கு ரெஸ்லர் கிறிஸ் ஜெரிக்கோவின் "எ லயன்ஸ் டேல்". 1990-இல் ஹார்ட் குடும்பத்தின் பெயரை நம்பி ஆல்பர்ட்டாவில் பயிற்சிக்குச் சேர்ந்தால், ஹார்ட்டுகள் எப்போதாவதுதான் தலைகாட்டுகிறார்கள். முதல் நாளே சந்தித்த சக மாணவர் லான்ஸ் ஸ்டார்மோடு பொனோகா என்ற சின்ன ஊரில் முதல் மேட்ச். அப்புறம் மெக்சிகோ, ஜெர்மனி, ஜப்பான், கடைசியில் 1999 ஆகஸ்டில் சிகாகோவில் தி ராக் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து நிற்பதோடு புத்தகம் முடிகிறது. ஆங்கிலமும் மற்றவற்றைவிட எளிது. மொக்கை ஜோக்குகளை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாட்சி என்ற அளவில் பெரிய பிரச்சினை இல்லை, ஏனென்றால் தோற்ற கதையைச் சொல்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

வீட்டில் ரெஸ்லிங்கே பிடிக்காத ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பெண் ரெஸ்லர் ஏ.ஜே. லீயின் "கிரேஸி இஸ் மை சூப்பர்பவர்". வறுமையும் மனநோயும் உள்ள வீட்டில் வளர்ந்த பெண்ணின் கதை. ரிங் அதில் பாதிப் புத்தகத்தைத் தாண்டிய பிறகுதான் வரும்.

என் வரிசை இதுதான்: முதலில் பிரெட், அதன் நிழலில் டைனமைட், பிறகு மூச்சு வாங்க ஃபோலி. ஆங்கிலத்தில் தடிப் புத்தகம் படித்துப் பழக்கமில்லை என்றால் மட்டும் ஃபோலியை முன்னால் கொண்டுவாருங்கள், அவர் வாசகனைக் கையோடு கூட்டிப்போவார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இவற்றில் எதையும் வாங்கித் தராதீர்கள். போதை, படுக்கை, கெட்ட வார்த்தை எல்லாப் புத்தகத்திலும் தாராளம்.

ஹல்க் ஹோகனை விட்டுவிட்டாயே என்பீர்கள். இரண்டு சுயசரிதை எழுதியிருக்கிறார், 2002-இல் ஒன்று, 2009-இல் ஒன்று. 1987-இல் ரெஸில்மேனியா என்ற பெரிய நிகழ்ச்சிக்கு 93,173 பேர் வந்தார்கள் என்று கம்பெனி சொன்ன எண்ணையே இன்னும் சந்தேகிக்கிறார்கள். அன்றைக்கு அவர் தூக்கிப் போட்ட ராட்சத ரெஸ்லர் ஆண்ட்ரேயின் எடையோ ஹோகன் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல ஏறிக்கொண்டே போனது. அவருக்கு அந்தக் கார்டு விளையாட்டுதான் பொருத்தம்.